எச்சம்

இரவு இரண்டு நாற்பதுக்குக் கைப்பேசி அலறியது.
வினிபெக்கில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தோரு பாகை.
பனி வழிக்கும் வண்டிகள் கிளம்பிவிட்டன;
காரை எந்தத் தெருவில் விடலாம் என்று
ஊரே ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கிறது.
சர்வருக்கு மூச்சு முட்டுகிறது.

போர்வைக்குள்ளிருந்தே மடிக்கணினியை இழுத்தேன்.
அந்தப் பக்கத்தை எழுதியவள் நான்தான்.

ஒருவர் தட்டினால் ஒன்று பிறக்கும்.
முதலில் வெறும் பெயர். அப்புறம் அவர் தெரு, மண்டல எழுத்து.
தரவு வந்து சேரும்வரை ஒரு சாம்பல் வட்டம் சுழலும்:
வந்து, எடுத்து, அடுக்கி,
முற்றுக்காகக் காத்து நிற்கும் வினையெச்சங்கள்.
(இலக்கணத்தில் எனக்கு முப்பத்தேழு மதிப்பெண்.)
பிறகு உடுத்திக்கொண்டு திரைக்கு வரும்.
அவர் பார்ப்பார், "சனியன், இன்னைக்கா" என்பார்,
காலணி தேடிக்கொண்டே பக்கத்தை மூடுவார்.
நாற்பது நொடி ஆயுசு.

அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

பார்த்தால் பதினோராயிரம் பேர் உள்ளே.
திரை இல்லை, தெரு இல்லை, பார்க்க ஆளில்லை.
பிறந்தபோது நான் கட்டிவிட்ட கடிகாரம் மட்டும்
அரை நிமிடத்துக்கொரு தரம் ஒவ்வொன்றையும் உலுக்கி
"வண்டி வந்துடுச்சா, பார்" என்கிறது.
அவையும் எழுந்து பார்க்கின்றன.
கடிகாரம் பிடித்த கையை விடாதவரை
நினைவகத்தின் குப்பைக்காரன் தொடமாட்டான்.

ஹலீனா இணைப்பில் வந்தாள், கொட்டாவியோடு.
மறுபடி தொடக்கிவிடட்டுமா?
விடு. எல்லாம் போகும்,
விடிவதற்குள் திரும்பச் சேரும்.

பிறப்புக்கு நாற்பத்தாறு வரி எழுதியிருக்கிறேன்.
உடுத்த, பன்னிரண்டு.
போகும்போது நடக்கவேண்டிய இடத்தில்
இரண்டு அடைப்புக்குறி, நடுவில் காற்று.
மேலே என் குறிப்பு ஒன்று:
பிறகு.

ஒரே வரிதான். கடிகாரத்தை நிறுத்து.
மூன்றே முக்காலுக்கு வரைபடத்தின் கோடு
மலை இறங்கித் தட்டையாயிற்று, இந்த மாகாணம் மாதிரி.

தூக்கம் போய்விட்டது.
அடுப்பு மேடையில் ரப்பர் வளையம் போட்ட கடிதக்கட்டு,
எனக்கு முன் இங்கே குடியிருந்த மார்செல் டுஃப்ரேனுக்கு.
பல் வைத்தியர், பனிச்சறுக்கு மன்றம்,
பிறந்தநாள் வாழ்த்து சொல்லும் காப்பீட்டுக் கம்பெனி.
ஆள் நன்றாகத்தான் இருக்கிறாராம், கெலோனாவில்.
மூன்று வருடமாக நானும்
எடுத்து, அடுக்கி, வளையம் போட்டு

பேனாவைத் தேடி உட்கார்ந்தேன்.
இங்கே இல்லை. இங்கே இல்லை. இங்கே இல்லை.
ஆறாவது உறையில் மை தேய்ந்தது.

சன்னலில் மஞ்சள் விளக்கு சுழன்று போனது,
கூடவே தெருவைச் சுரண்டும் இரும்புச் சத்தம்.
அப்போதுதான் உறைத்தது:
என் கார்
இன்னும் கீழே நிற்கிறது.