திரும்பியதற்கான காரணம்

தண்டர் பேயில் பனிச்சறுக்குக் கட்டை விற்ற கடை
இப்போது எங்கள் கிடங்கு.
கட்டைகள் சாய்ந்திருந்த சுவரோரம் அட்டைப்பெட்டிகள்,
உள்ளே நானூற்றுப் பன்னிரண்டு மின்கண்காணிப்பான்கள்:
உள்ளங்கை அகலம், வெள்ளை உடல், ஒற்றை விளக்கு.

பச்சை என்றால் மலிவு நேரம்.
மஞ்சள் என்றால் யோசி.
சிவப்பு என்றால், விளம்பரத்தாள் சொல்கிறபடி,
‘உங்கள் பழக்கத்தைச் சற்றே நகர்த்துங்கள்.’

செய்கிறவன் கடலுக்கு அப்பால்.
வாங்குவது, இரண்டாயிரம் வீட்டுக்குக் கம்பி இழுத்திருக்கும்
ஹெரான் கிரீக் மின்பகிர்மானம்.
நடுவில் நாங்கள்.
அனுப்புவோம், திரும்பப் பெறுவோம்,
நினைவைத் துடைத்து அடுத்த ஊருக்கு ஏற்றுவோம்.

துடைப்பது என் வேலை.
துடைக்குமுன் திரை கடைசி நாற்பது வாரத்தைக் காட்டும்.
பார்க்கத் தேவையில்லை.
பார்ப்பேன்.
மார்ச் வரைக்கும் கிறிஸ்துமஸ் விளக்கை அணைக்காத வீடு.
இரவு இரண்டுக்கு ரொட்டி சுடும் வீடு.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கும்
கிழட்டுக் குளிர்பெட்டி.

பிறகு 0217.

புதன் மாலை ஐந்து. ஆறு கிலோவாட். ஐம்பது நிமிடம். சிவப்பு.
அடுத்த புதன், அதே ஐந்து, அதே ஆறு, அதே சிவப்பு.
சனிக்கிழமைக்கு மாற்றலாமே என்று
பகிர்மானம் மூன்று கடிதம் போட்டிருந்தது.
அதற்கும் பதில் ஒரு புதன்தான்.

ஜனவரி நடுவில் நின்றது.
புதன்: குளிர்பெட்டி மட்டும்.
அதற்கடுத்ததும்.
கோடு உறைந்த ஏரியாய்ப் படுத்துக் கிடந்தது.

நெஞ்சு அடைத்தது, ஒப்புக்கொள்கிறேன்.
படிவத்தில் ‘திரும்பியதற்கான காரணம்’ காலி.
கூப்பிட ஒரு சாக்கு.

ஓன்னி லாக்சோ எடுத்தார். உயிரோடுதான்,
பின்னால் யாரோ கோடரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.
“அந்தப் பெட்டியா? சௌனா சூடேறினால் போதும்,
சிவந்து முறைக்கும்.
புதன்தான் வெய்க்கோவுக்கு ஆலையில் ஓய்வு.
சனியன்று வரச் சொன்னால் வருவானா?
ஆளை நகர்த்த முடியாது. அடுப்பை நகர்த்தினேன்.
இப்போது விறகு. பிர்ச். ரெண்டு வருஷம் காய்ந்தது.”

“அப்புறம் ஏன் திருப்பினீர்கள்?”

“பாட்டரி மூடி உடைந்துபோச்சு.
வேறொன்று அனுப்பம்மா.
மணி சரியாகக் காட்டுகிறது.”

பக்கத்து அறையில் டெலோரம்
பகிர்மானத்துக்கு அறிக்கை தட்டிக்கொண்டிருந்தார்:
உச்சநேரப் பயன்பாடு, 0217, வாரத்துக்கு ஐந்து யூனிட் மிச்சம்.
ஓரத்தில் ஒரு நட்சத்திரம்.
அடுத்த ஒப்பந்தம் அந்த நட்சத்திரங்களை எண்ணித்தான் வரும்,
என் சம்பளமும்.
புகைபோக்கியில் யாரும் மீட்டர் மாட்டுவதில்லை.

காரணம் என்ற கட்டத்தில் ‘பிர்ச்’ என்று எழுதினேன்.

“ஓடில்,” கதவில் தலை நீட்டினார்,
“இது என்ன பழுதுக் குறியீடு?”

அதற்குள் பொத்தானை அழுத்தியிருந்தேன்.
நாற்பது வாரமும் போய், நாலு பூஜ்யம்.

புதியது ஒன்றைப் பிரித்து
மணியை மட்டும் திருத்தினேன்,
லாக்சோவின் முகவரியை ஒட்டினேன்.
புதன்கிழமை போய்ச் சேரும் என்றார் தபால்காரர்.
ஐந்துக்கு முன்பா என்று கேட்டு வைத்தேன்.