இரண்டு நொடி

வூச் என்றால் எங்கள் மொழியில் படகு.
ஊரில் ஆறு கிடையாது.
இருந்தவற்றை நூற்பாலை முதலாளிகள்
மண்ணுக்கடியில் குழாய்க்குள் அடைத்துவிட்டுச் செத்துப்போனார்கள்.
நான் அவற்றின்மேல் டிராம் ஓட்டுகிறேன்.
பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட
வண்டியை நான் வளைத்ததில்லை.
வளைவது தண்டவாளத்தின் வேலை.

அதனால் விண்ணப்பத்தில்
‘முன் அனுபவம்’ என்ற கட்டத்துக்குள்
‘ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் உட்காருவேன்’ என்று எழுதினேன்.
எடுத்துக்கொண்டார்கள்.

பழைய சாயப்பட்டறைக் கூடம். நாற்பத்தொரு பேர்.
முழங்கால் பட்டையோடு ஒரு பல் மருத்துவர்.
மின்ஸ்கிலிருந்து வந்து இங்கே பார்சல் கொடுக்கிற யராஸ்லாவ்.
விழாவுக்காகக் கொரியாவிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும்
நிஜ நடனக்காரர்கள்.
அவர்கள் தரையில் உட்காருவதைப் பார்த்ததும்தான் தெரிந்தது,
எட்டு மணி நேரமும் நான் தப்பாக உட்கார்ந்திருக்கிறேன்.

நடன இயக்குநர் மட்டும் வரவில்லை.
ஒட்டீலியா மஷாவா, மபூட்டோ.
மூன்றாம் முறையும் விசா இல்லை:
‘திரும்பிப் போவார் என்பதற்கு உத்தரவாதம் போதாது.’

ஆகவே சுவரில் ஒரு திரை,
திரையில் அவள் வீட்டு மொட்டைமாடி,
கொடியில் யாருடையதோ மஞ்சள் சட்டை.
அவள் கை தூக்குவாள். நாங்கள் தூக்குவோம்.
நாங்கள் தூக்கியது அவளுக்குப் போய்ச் சேர
இரண்டு நொடி.
‘லேட்’ என்பாள். வேகமாகத் தூக்குவோம்.
‘லேட், லேட்.’
இன்னும் வேகமாக,
பல் மருத்துவரின் முழங்கை என் மூக்கில்.

மூன்றாம் நாள் அவள் பாதியில் நின்றாள்.
தண்ணீர் குடித்தாள். மஞ்சள் சட்டையை எடுத்து மடித்தாள்.
பிறகு சொன்னாள்:
‘நீங்கள் தாமதமாக இல்லை.
தூரமாக இருக்கிறீர்கள். அதை ஆடுங்கள்.’

பக்கத்திலிருப்பவர் அசைந்து
இரண்டு நொடி கழித்து நீ அசை. அவ்வளவுதான் பாடம்.

எனக்கு அந்த இரண்டு நொடியைத் தெரியும்.
கதவை மூடிய பிறகு
பக்கக் கண்ணாடியில் ஒருவர் ஓடிவருவது தெரியுமே,
அது.
என் உத்தியோகத்தின் பாவமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

கொரியப் பெண் சோ-யுல் முதுகோடு முதுகு வைத்து
எடையைக் கொடு என்றாள்.
மருத்துவமனைத் தராசைத் தவிர
யாருக்கும் நான் கொடுத்ததில்லை.
கொஞ்சம் கொடுத்தேன்.
‘இது பை. நீ எங்கே?’ என்றாள்.

விழா இரவு. கூடம் நிறைய ஆட்கள்,
ஈரக் கோட்டுகளின் வாசனை.
பதினேழாவது நிமிடம்
தூக்கிய கையோடு ஒட்டீலியா உறைந்தாள்.
இணைப்பு போய்விட்டது.
திரை நீலம். பிறகு கறுப்பு.

இரண்டு நொடி காத்தோம்.
இன்னும் இரண்டு.
தரைக்கடியில் ஆறு கேட்டது என்று
பொய் சொல்ல மாட்டேன்.
யாருக்கோ வயிறு உறுமியது, அதுதான் கேட்டது.
யராஸ்லாவின் தோள் இறங்கியது.
அல்லது அதற்கு முன்பே சோ-யுல் மூச்சு விட்டாள்.
அல்லது நான்தான்.
நாற்பத்தொரு பேரும் இடதுபக்கம் சரிந்தோம்,
ஒருவர் பின் ஒருவராக,
விழாமல்,
விழுந்தால் எங்கே விழுவோம் என்று தெரிந்து.

மபூட்டோவில் அவள் நிறுத்தவில்லையாம்.
எங்கள் சத்தமின்றி, படமின்றி,
எண்ணி எண்ணிக் கடைசிவரை ஆடினாளாம்.
நள்ளிரவில் செய்தி வந்தது:
‘முடித்துவிட்டீர்களா? நான் இப்போதுதான்.’

மறுநாள் காலை முதல் வண்டி. பனித்தூறல்.
கதவை மூடினேன்.
கண்ணாடியில் ஒருவன், கையில் ரொட்டிப் பை, ஓடிவருகிறான்.
திறந்தேன். ஏறினான். நன்றி சொல்லவில்லை.
வண்டியை எடுத்தேன்.
கைப்பிடியில் தொங்கிய முப்பது பேரும்
ஒன்றாகப் பின்னால் சாய்ந்து
ஒன்றாக நிமிர்ந்தார்கள்,
ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே.