நிற்கலாம்

வொர்கும் கரையில் ஏரி ஏமாற்றும்.
அரை மைல் உள்ளே போனாலும் இடுப்பளவு,
அதற்கப்பால் திடீரென்று இல்லை தரை.
பால் லாரியைத் தொழிற்சாலையில் விட்டுவிட்டு
மதியம் இரண்டு மணிக்கு வருவேன்.
அணைமேட்டில் ஆட்டுப் புழுக்கை மிதித்து,
பட்டத்துக்குக் காற்றடித்து,
யாராவது பிடித்துக்கொள்வார்களா என்று பார்ப்பேன்.
யாராவது பிடிப்பார்கள்.
ஒற்றைக் கையால் ஏற்றக்கூடிய பட்டமில்லை இது.
பெயர் கேட்கிற வழக்கமில்லை.

அன்று கீழைக்காற்று.
கரையிலிருந்து ஆட்களைக் கூட்டிப் பெருக்குகிற காற்று.
ரின்ஸின் பட்டம் விழுவதைப் பார்த்தேன்.
ரின்ஸ்:
போன மாதம் ஒரு பையனை, குறுக்கே வந்தான் என்று
ஆடுகளும் திரும்பிப் பார்க்கத் திட்டியவன்.
கடந்து போய்விடலாமா என்று
ஓர் அலை நேரம் நினைத்தேன்.
நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

காற்றுக்கு மேற்புறமாகப் போனேன்.
ஒருவனுக்கும் அவன் பட்டத்துக்கும் நடுவே
நுழையக் கூடாது.
விழுந்த பட்டம் செத்ததுபோல் கிடக்கும்,
நொடியில் எழுந்து நூலால் தோலுரிக்கும்.
"வரட்டுமா?" என்று கேட்டேன்.
கேட்காமல் தொட்டால் அது உதவியில் சேராது.
கெண்டைக்காலைச் சுற்றி நூல்,
வாய் நிறைய ஏரி,
தலையை மட்டும் ஆட்டினான்.
"சிவப்புப் பிடி" என்றேன்.
இழுத்தான். நூல் தளர்ந்தது.
"இன்னொன்றும்."
அதையும் இழுத்தான்.
பட்டம் புரண்டு புரண்டு மேற்கே போனது,
வீட்டைவிட்டு ஓடுகிற பிள்ளை மாதிரி.

அப்போதும் அவன் நீந்திக்கொண்டிருந்தான்,
தண்ணீரை இரு கையாலும் அறைந்து அறைந்து.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இவன் காலை விடாததால்
ஆழம் தெரியாமல் இருந்தான்.
கத்திச் சொல்லியிருக்கலாம்.
ஏரியில் பதினைந்து பேர், அத்தனை பேருக்கும் காது.
பலகையிலிருந்து இறங்கி,
பட்டத்தைத் தலைக்குமேல் நிறுத்தி,
அவன் பக்கத்தில் சும்மா நின்றேன்.
தண்ணீர் என் இடுப்பில்.
அவன் என் இடுப்பைப் பார்த்தான்.
மறுபடி பார்த்தான்.
பிறகுதான் தனக்கும் கால் உண்டு என்பது
ஞாபகம் வந்தது.

நன்றி சொல்லவில்லை. போகட்டும்.
அவன் பலகையைத் துரத்திப் பிடித்து
எறியாமல், கையெட்டும் தூரத்தில் விட்டேன்.
நடந்தே கரையேறினான்.
கார்க் கதவு சாத்துகிற சத்தம்
இங்குவரை கேட்டது.

அவன் யாரிடமும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை. அது என் பிழை.
காற்று நன்றாக இருந்தது,
இன்னும் ஒரு மணி நேரம் ஆடினேன்.

ஆறு மணிக்கு, ஆல்யேயின் கடையில்
பட்டாணி சூப் வரும்போது, மீட்புப் படகு கிளம்பியிருந்தது.
பாய்மரக்காரர் ஒருவர் ஆளில்லாத பட்டத்தைக் கண்டிருக்கிறார்.
ஆளில்லாத பட்டம் என்றால் தண்ணீரில் ஓர் ஆள்.
அப்படித்தானே எண்ண முடியும்?
ஒரு குழாய்க்காரர், ஒரு பள்ளி ஆசிரியை, அண்ணன் தம்பி இருவர்
சாப்பாட்டை ஆறவிட்டு
கரையேறிவிட்ட ஒருவனை
இருட்டும்வரை தேடினார்கள்.
ஜன்னலில் அந்த விளக்கு போய்வருவதைக் கண்டு
கரண்டியைக் கீழே வைத்தேன். போன் செய்தேன்.
"ஆள் கரையிலா?" என்றது எதிர்க்குரல்.
"ஆமாம். மன்னிக்கணும்."
"நல்லது" என்றது. வேறெதுவும் சொல்லவில்லை.
திட்டியிருந்தால் சூப்பைக் குடித்திருப்பேன்.

அடுத்த வியாழன், மழைத்தூறல்.
இறங்க வேண்டும் எனக்கு. உச்சந்தலையைத் தட்டிக் காட்டினேன்.
கரையில் ஒரே ஒரு ஆள்.
வந்தான். எட்டிப் பிடித்தான்,
கவிழ்த்துப் படுக்கவைத்து
மேலே ஒரு பை மணல் வைத்தான்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் பட்டம் பக்கத்தில் கிடந்தது.
புதியது. முன்விளிம்பில் கறுப்பு மையில்
பெயர், பத்து இலக்கம்.
அவசரத்தில் எழுதியிருக்கிறான்,
கடைசி ஏழு
மழையில் கொஞ்சம் வழிந்திருந்தது.