வெறும் வண்டியின் எடை

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம்
இருநூறு மீட்டரில் எங்கள் எடைமேடை.
இரவு ஷிஃப்ட் எனக்கு.
மேற்கே பால் போகிறது, முட்டை போகிறது,
இளநீர், வைக்கோல், எம்-சாண்ட்,
கூண்டில் தலைகீழாய்க் கோழி.
எது போனாலும் சீட்டு ஒன்றுதான்:
நிறை, வெறும், மிச்சம்.

அங்கிருந்து திரும்புவது பெரும்பாலும் வெறும் வண்டி.
தேங்காய் ஏற்றும்முன் எடை போட
விடிகாலை மூன்றரைக்கு வருவார் சுபைர்.
ஐயாயிரத்து எண்ணூற்று நாற்பது, அது அவர் வண்டி.
மாசியில் ஒருநாள் ஆறாயிரத்து நூறு காட்டியது.
டீசல் நிறைத்திருந்தால் நூற்றறுபது.
கிளீனர் பையன் ஐம்பது, சோறு தின்றபின்.
இன்னும் ஐம்பது கிலோவுக்கு ஆளில்லை.
பலகை இடுக்கிலிருந்து
மேடைமேல் ஏதோ சொட்டியது.
அன்று மழையில்லை.

"என்னண்ணா தண்ணி?"
"மீன், சேச்சி" என்றார், முகம் பார்க்காமல்.
மீன் நாற்றம் எனக்குத் தெரியும்.
இது பினாயில்,
அதற்கடியில் வேறொன்று.

மாட்டுத்தீவனச் சாக்கில் கிடந்தன
மூன்று வருஷத்துக் கார்பன் நகல்கள்.
ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி
வெறும் எடையை மட்டும் வரிசையாய் எழுதினேன்.
வெறுமை ஒரே அளவாய் இல்லை.
செவ்வாய், வெள்ளி கனத்தது.
ஓணத்துக்கு அடுத்த வாரம் மிகவும் கனத்தது.
பெரிய வித்தையெல்லாம் இல்லை இது:
போனது, வந்தது, நின்றது,
மூன்றும் ஒத்துப்போகவில்லையென்றால்
எங்கேயோ ஒரு குழி இருக்கிறது.

இருந்தது.
பாறைக்காட்டில், கல் உடைத்து விட்டுப்போன குழி.
அந்தக் கல்லுக்கும் சீட்டு என்னிடமே.
அது போனது நான்கு மாடி ஆஸ்பத்திரி கட்ட.
மாடியில் ஆட்கள் படுத்தார்கள்.
அவர்கள் புண் துடைத்த பஞ்சு
கல் கிடந்த இடத்துக்கே வந்து கிடக்கிறது.
இதற்கு அழத் தோன்றவில்லை எனக்கு.
பஞ்சு லேசு, கல் கனம்,
குழி நிறைய நாளாகும் என்றுதான் தோன்றியது.

கிராம சபையில் கொளுத்தணும் என்றார்கள்,
கேரளா வண்டி ஒண்ணு விடாம.
சாமியப்பன் மண்டபத்துக்காரர் குரல்தான் ஓங்கியது.
நான் எழுந்து நோட்டைப் பிரித்தேன்.
வி.ஏ.ஓ. கயிறு பிடித்து அளந்தபடி
குழியில் இருப்பது நானூறு லோடு.
என் சீட்டில் கனத்து வந்த வெறும் வண்டி
இருநூற்று முப்பத்தாறு.
மீதி நூற்று அறுபத்து நாலு
மேடையே ஏறவில்லை.
எல்லை தாண்டாத வண்டிக்கு
எடை எதற்கு?

ஃபேன் சத்தம் கேட்டது.
கோழிக்கடை வேலுமணி செருப்பைத் தேடினான்.
மண்டபத்துக்காரருக்கு ஒரு போன் வந்தது, வெளியே போனார்.

தாசில்தார் ஆபீசில் நகல் வாங்கிப் போனார்கள்.
எந்தக் கிணற்றுத் தண்ணீரை முதலில் சோதிப்பது,
எந்தக் கிழமை ரோட்டில் நிற்பது,
யாருக்குப் பில் அனுப்புவது,
எல்லாம் அதில் இருந்ததாம்.
எனக்கு இருந்தது இன்னொன்று.
மறுநாள் சுபைர் கேட்டது:
"போகும்போது வாடகை. திரும்பி வர டீசல்
யார் தரும், சேச்சி?"
அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டேன்.
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது பாறைக்காட்டு வழி திரும்பும் எதுவும்
மேடை ஏறியாக வேண்டும், தீர்மானம்.
முதல் இரவு முதலில் வந்தது
மண்டபத்து டிராக்டர், தார்ப்பாய் போர்த்தி.
"ஏனுங்க்கா, நம்மூரு வண்டிதானுங்களே."
நிறை மூவாயிரத்து நூற்றுப் பத்து.
"என்ன சரக்குன்னு எழுதட்டும்?"
அவன் தார்ப்பாயைத் திரும்பிப் பார்த்தான்,
அது சொல்லும் என்பதுபோல.
நான் பேனாவை எடுக்காமல்
காத்திருந்தேன்.