எலி பிடிக்க வந்தவள்

பூம்பாறைக்கு மேலே, பூண்டு வயல் ஓரம்
அறுபது பொறி வைத்தோம்,
அவளும் நானும் என் ஜீப்பும்.
"டாக்டருக்குப் படிச்சு எலியா பிடிக்கிறது?"
களையெடுத்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

மயங்கிய எலியின் காதுமடலை
ஃபஸீலா சீப்பால் வருடுவாள்.
வெள்ளைத் தாளில் உதிரும் மிளகாய்த்தூள்.
"நகருது பாருங்க."
நகர்ந்தது.

மூன்று மழைக்காலம். இரண்டு கிளட்ச்.

போன கார்த்திகையில் மச்சான் வேலப்பனுக்குக் காய்ச்சல்.
இதே காய்ச்சலை டைபாய்டு என்று எழுதிவாங்கி
அவன் அண்ணனைப் புதைத்த வீடு அது.

மன்னவனூர் நர்ஸ் சட்டையைக் கழற்றச் சொன்னார்.
டார்ச் அடித்து அக்குளில் தேடினார்,
இடுப்பில், தொடையிடுக்கில்.
அங்கே, பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்பு.
வலிக்காத புண்;
பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாதது.

"ரத்த முடிவுக்குக் காத்திருக்க வேண்டாமாம்,"
சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினார்.
பல்கலைக்கழக முத்திரை.
கீழே பொடி எழுத்தில் எங்கள் ஊர்கள்.
மாத்திரை ஒன்று
ஒரு டீயைவிட மலிவு.

மூன்றாம் நாள் கஞ்சியைத் தள்ளிவிட்டுப்
பூண்டுக் குழம்பு கேட்டான்.

தாளில் அறுபது பொறி என்று போட்டிருக்கிறது.
ஐம்பத்தொன்பதுதான்.
ஒன்றை நாய் கவ்விப் போனது;
அவளிடம் நான் சொல்லவில்லை.