சதுர அடி பன்னிரண்டு ரூபாய்

மண்டபம் ஸ்டேஷன் ரோட்டில்
சகுபர் அண்ணன் கடையில்
பிளெக்ஸ் சதுர அடி பன்னிரண்டு ரூபாய்.
வாசகம் இலவசம்.
அந்த இலவசம் நான்தான்.
எமரென்சியா, பி.காம்.

கிளைச் செயலாளர் பிறந்த நாளுக்கு
'வங்கக் கடலின் சிங்கமே' என்று போட்டேன்.
மறுவாரம் எதிர்க்கட்சிக்காரர் வந்தார்.
'வேலை ஆளும் வேங்கையே.'
வேலை என்றால் கடல் என்று விளக்கினேன்.
அவருக்கு முகம் வாடிவிட்டது.
"வேல வாங்கித் தர்றவன்னு அர்த்தம் வராதாம்மா?"
வரும் என்றேன்.
வரட்டும், யாருக்கு நஷ்டம்.

ஆவணியில் நான்கு விசைப்படகு பிடிபட்டது.
இருபத்தொரு பேர்.
திங்கட்கிழமை மனு கொடுக்க
ராமநாதபுரத்துக்கு வேன் வைத்துப் போனோம்.
செல்சியாவுக்கு டோக்கன் ஐம்பத்து மூன்று.
அவள் முறை வந்தபோது கேட்டாள்:
"கடல்ல கோடு எங்கன கெடக்குன்னு காட்டுங்க சார்,
அழிச்சுட்டு வாறேன்."

சார் போனில் இருந்தார்.
டவாலி ஐம்பத்து நாலைக் கூப்பிட்டார்.
நான் மனு ஜெராக்ஸின் முதுகில் குறித்துக்கொண்டேன்,
அந்த 'சார்' மட்டும் இல்லாமல்.

உண்ணாவிரதப் பந்தலுக்குப் பத்துக்கு நான்கு அளவில் அடித்தோம்.
யாரோ படம் எடுத்தார்கள்,
யாரோ யாருக்கோ அனுப்பினார்கள்.
அதன் பிறகு அந்த வரிக்கு
எங்களைத் தெரியாது.

புரட்டாசியில் நடிகை மகிஷா வந்தார்.
புதுக்கட்சி, புதுக்கொடி,
சவுக்குத் தோப்பை ஒட்டி மேடை.
சோழகக் காற்றில் மைக் பாதி ஊளையிட்டது.
கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு
அதைச் சொன்னார்.
உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால்
நன்றாகவே சொன்னார்.
'காட்டுங்க'வுக்குப் பிறகு ஒரு மூச்சு நிறுத்தினார்.
அங்கே ஒரு கமா போடலாமென்று
எனக்குத் தோன்றியதே இல்லை.
விசில் அடங்க நான்கு நிமிடம்.
மறுநாள் அது ரிங்டோன்,
ஆட்டோவின் முதுகு,
பாம்பன் பையன்களின் பனியன்.

வேலைக்காரர், அதாவது வேங்கை,
கடைக்கு ஓடி வந்தார்.
பதிலடி வேணும், இன்னைக்கே வேணும்.
பதினோரு நிமிடத்தில் எழுதினேன்:
'கடலில் கோடு தேடும் முன்
கன்னத்து அரிதாரம் அழி.'
மோனை சுத்தமாக விழுந்திருந்தது.
முதல்முறையாக என் கையில் தனியாக ஐநூறு.
வாங்கினேன்.
சம்பள நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஐப்பசி மழையில் செல்சியா வந்தாள்.
சண்டை பிடிப்பாள் என்று
ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன்.
உட்கார்ந்தாள். குடையை மடக்கினாள்.
"அது நீ சொன்னதுதான்" என்று நானே ஆரம்பித்தேன்.
"தெரியும்டி. அன்னைக்கு எனக்கு
அழுகை முட்டுதுன்னுதான் நெனச்சேன்.
அந்தம்மா சொல்லக் கேட்டப்பதான்
அது கோவம்னு தெரிஞ்சுச்சு."

அப்புறம் பையிலிருந்து இரண்டு போட்டோ எடுத்தாள்.
மகளுக்குப் புதுநன்மை.
நாலுக்கு மூணு போதும்.
அப்பா படம் மேலே வரணும்.
அவர் இன்னும் அந்தக் கரைச் சிறையில்தான்,
மூன்றாவது வாய்தா.

"வாசகம் என்ன போட?"
எனக்குள் நாலைந்து வந்து நின்றன,
தேவதை, தென்றல், திருமகள்,
கூப்பிடாமலே வருகிற கூட்டம்.
"ஒண்ணும் வேணாம். பேரு மட்டும்."

நாலு மூணு பன்னிரண்டு,
பன்னிரண்டு பன்னிரண்டு
நூற்று நாற்பத்து நாலு என்றேன்.
"என்ன, தடையுத்தரவா?"
சிரித்துக்கொண்டே ஈர நோட்டுகளை எண்ணி வைத்தாள்.

சகுபர் அண்ணன் மெஷினைத் தட்டினார்.
மை கக்கும் தலை
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்
கோடு மேல் கோடாக ஓடியது.
வெகுநேரம் வெறும் நீலம்.
பிறகு
கிளாட்வினின் நெற்றி.