மூன்று மில்லிமீட்டர்

காலையில் அவன் வந்தபோது
பெட்டி மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன்.
"மூணு மில்லிமீட்டர் திருகாணி
ரெண்டு இருந்தாப் போதும்."
உட்லண்ட்ஸ் பக்கத்துப் பள்ளி.
கழுத்து அட்டையில் ஹஸ்ரில் என்று பெயர்.
இல்லை என்றேன்.
கைக்கடியில் இருபத்தேழு இருந்தன.
முந்தின இரவு எண்ணி வைத்தவளே நான்தான்.

அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.
இல்லாததற்கு ஒரு நன்றி.
அது காதில் எங்கோ மாட்டிக்கொண்டு
முதல் இரண்டு ஆட்டம் வரை கழலவில்லை.

ஜூரோங்கில் ஒரு பள்ளியின் விளையாட்டு மண்டபம்.
நாற்பது மேசை, தரையெல்லாம் ஒயர்,
எங்கள் பிடரியில் மட்டும் ஊதும் குளிரூட்டி.
எங்கள் எந்திரத்துக்குக் குண்டான் என்று பெயர்.
விருந்து முடிந்து நடக்கும் சித்தப்பா மாதிரி
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே போவான்.
ஷெர்லின் அவனுக்கு மூளை எழுதினாள்.
யூ ஷுவான் ஓட்டினான்.
முறுக்குவதும் தளர்த்துவதும் என் வேலை.

அரையிறுதிக்குப் பதினொரு நிமிடம் இருக்கையில்
குண்டானின் வலது தோளிலிருந்து கருகல் வாடை.
மோட்டார்.
மாற்று இல்லை.
இந்த முறை நிஜமாகவே இல்லை.

இல்லை என்ற அதே வாயோடு
இருக்கா, இருக்கா என்று
மேசை மேசையாகப் போனேன்.
கேட்கப் போகிறவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரிவதில்லை.
பின்னால் கட்டினேன், பையில் விட்டேன்,
கடைசியில் கருகிய மோட்டாரையே
செத்த சிட்டைப்போல் ஏந்திக்கொண்டு நின்றேன்.

ஜஸ்மீத்தின் மேசை அது.
அரையிறுதியில் எங்களுக்கு எதிரே நிற்கப்போகிறவள்.
வாயில் இரண்டு பிளாஸ்டிக் பட்டை கடித்திருந்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
பெட்டியைக் கவிழ்த்துத் துழாவி
ஒரு மோட்டார், நான்கு திருகாணி எடுத்தவள்
எங்கள் மேசைக்கே வந்து மண்டியிட்டு
சிவப்பும் கறுப்பும் மாறியிருப்பதைக் காட்டினாள்.
அவள் அணிப் பையன் கடிகாரத்தைப் பார்த்தான்.
அவள் பார்க்கவில்லை.

ஏன் என்று கேட்டுவிட்டேன்.
"ஆடாம ஜெயிச்சா
வீட்ல போய் என்னன்னு சொல்றது?"

இருபத்து நான்கு, இருபத்தொன்று.
அவளுடைய மோட்டாரால் அவளைத் தோற்கடித்தோம்.
எனக்குக் கை கொடுத்தாள்,
பிறகு குனிந்து குண்டானின் கொடுக்குக்கும்.
அழுதாளா என்று தெரியவில்லை.
மூக்கு சிவந்திருந்தது, குளிராகவும் இருக்கலாம்.

இறுதியாட்டத்தில் தோற்றோம். அதில் சொல்ல ஏதுமில்லை.
குண்டான் யாரும் தள்ளாமலே கோட்டைத் தாண்டிப்போய்
அங்கேயே நின்றுவிட்டான்.

பரிசுக்கு முன்னால் மோட்டாரைக் கழற்றினேன்,
நான்கு திருகாணியையும் சேர்த்து.
"அப்புறம் தரலாமே, படம் எடுக்கணும்" என்றான் யூ ஷுவான்.
படத்தில் பாருங்கள்,
மூன்று பேர் கழுத்தில் வெள்ளி,
நடுவில் குண்டான்,
வலக்கை தொங்கிப்போய்.

பிறகு பத்துத் திருகாணியை டிஷ்யூவில் மடித்துக்கொண்டு
ஹஸ்ரிலைத் தேடிப் போனேன்.
மேசையில் பாதி குடித்த மைலோ,
உரித்த டேப்பின் தடம்.
துடைத்துக்கொண்டிருந்த தொண்டூழியர்
"பன்னிரண்டு மணிக்கே போயிட்டாங்களே" என்றார்.
முதல் ஆட்டத்தில் சக்கரம் கழன்றதாம்.
எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை.
நானும் கேட்கவில்லை.

பூன் லேயில் ரயில் ஏறும்போது மழை.
ஷெர்லின் பதக்கத்தைக் கடித்துப் பார்த்தாள்.
யூ ஷுவான் குண்டானை மடியில் வைத்து உறங்கினான்.
எதிரே ஒருவர் அந்தத் தொங்கும் கையைப் பார்த்து
"தோத்துட்டீங்களா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
ஷெர்லின் என்னை முறைத்தாள்.

இரவு பெட்டியைத் திறந்து எண்ணினேன்.
இருபத்தேழு.
ஒன்றுகூடக் குறையவில்லை.